‘நின்னுருச்சு’ என்று சொன்ன பிறகு

படம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் கோமதிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாட்டில் காலடியில்தான் இருக்கிறது, குனிந்து எடுக்க வழியில்லை, அவளுடைய இடது மணிக்கட்டைத் தெய்வானையக்கா பிடித்துக்கொண்டிருக்கிறாள். பிடி என்றால் இறுக்கமான பிடி இல்லை, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்பார்களே அந்த மாதிரி. இருபத்திரண்டு நிமிடப் படம். ஈரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வாடகைக்கு எடுத்த சங்கக் கூடத்தில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, எண்பது பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால் ஓடுகிறது. படத்தை எடுத்தவள் கோமதி. படத்தில் இருப்பவள் தெய்வானையக்கா. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது, அதனால் திரையில் என்ன வருகிறதோ அதைக் காதோரம் சாய்ந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். கோமதியின் பல்கலைக்கழகத் துறையிலிருந்து வந்த இரண்டு மாணவிகள் நாங்கள் சொல்கிறோம் என்றுதான் கேட்டார்கள். “வேண்டாம், நானே சொல்றேன்” என்று கோமதியின் வாய் முந்திக்கொண்டது. எவ்வளவு பாசம் பார் என்றுகூட அந்தப் பெண்கள் நினைத்திருக்கலாம். பாசமாவது, மண்ணாவது. இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்தால் படத்தின் கடைசி நாற்பது விநாடியையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். கோமதி சொன்னால் சொல்லாமல் விட்டுவிடலாம். அந்த நாற்பது விநாடி இந்தப் படத்தில் இருப்பது அக்காவுக்குத் தெரியாது.

“சொல்லு அம்மணி, சும்மா உக்காந்திருந்தா எப்படி?” என்றாள் தெய்வானையக்கா. “ஆளு நடக்கற சத்தம் கேக்குது. யாரு நடக்கறது?”

“நீங்கதான்க்கா. மில் கேட்டுக்குள்ள வர்றீங்க. ஊதாச் சேலை, கையில வெள்ளைக் கம்பு. வாட்ச்மேன் எந்திரிச்சு வணக்கம் வைக்கிறாரு.”

“கேமராவுக்கு வச்சிருப்பான். எனக்கு முப்பத்திநாலு வருசத்துல ஒருநாளும் வச்சதில்ல.”

முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு ரகசியம் பேசத் தெரியாது. முப்பத்திநாலு வருஷம் நூற்பாலையில் டெலிபோன் ஆபரேட்டர், போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து பஞ்சுக் குடோனையும் முதலாளி வீட்டையும் மும்பை ஏஜெண்டையும் ஒருவரோடொருவர் சேர்த்துவிட்ட குரல். குரல் மட்டுமா, காதும் அப்படித்தான். மில்லில் யார் லீவு கேட்கப் போன் பண்ணினாலும் நிஜக் காய்ச்சலா பொய்க் காய்ச்சலா என்று ஹலோவிலேயே தெரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறாள். “பொய் சொல்றவன் மூச்சு விட மறந்துபோவான் அம்மணி. லைன்ல அது தனியாத் தெரியும்.” படப்பிடிப்பின் மூன்றாம் நாளில் சொன்னது. கோமதி அப்போது சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள், ஆய்வுக்கு நல்ல மேற்கோள் என்று. இப்போது ஒழுங்காக மூச்சு விடுகிறோமா என்று தனக்குத்தானே கவனிக்கிறாள், கவனித்ததும் மூச்சு தப்புகிறது, மூச்சு என்பது கவனிக்காதவரைக்கும்தான் தானாக நடக்கும் போலிருக்கிறது. திரையில் மில் போர்டு வந்தது, போர்டு என்று சொன்னாள். அக்காவின் விரல்கள் வந்தன, விரல்கள் என்று சொன்னாள். மோதிரம் தெரியுதா என்றாள் அக்கா, தெரியுது என்றாள். இதெல்லாம் உண்மை. இன்னும் பதினெட்டு நிமிடத்துக்கு உண்மையையே சொல்லலாம்.

ஒப்பந்தம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல்முறை அக்கா வீட்டுக்குப் போனபோது, பல்கலைக்கழகம் கொடுத்த ஒப்புதல் படிவத்தைக் கோமதி வரி விடாமல் வாசித்துக் காட்டினாள். நாலு பக்கம். பங்கேற்பாளர் என்பவர் யாதெனில் என்று தொடங்கி, எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமை வரைக்கும். தெய்வானையக்கா பாதியிலேயே கொட்டாவி விட்டாள். “இந்த நாலு பக்கத்துல எனக்கு வேண்டியது ஒண்ணுமில்ல அம்மணி. கண்ணுத் தெரியறவங்களுக்குச் செவப்பு லைட்டு ஒண்ணு எரியுமாமே, கேமரா ஓடுதா நிக்குதான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. எனக்கு நீதான் அந்த லைட்டு. ஓட்டும்போது ஓடுதுன்னு சொல்லு. நிறுத்துனா நின்னுருச்சுன்னு சொல்லு. அவ்வளவுதான், கொண்டா எங்க கையெழுத்துப் போடோணும்?” பதினொரு நாள் படம் பிடித்தார்கள். ஒருநாளும் கோமதி தவறவில்லை. ஓடுதுக்கா, நின்னுருச்சுக்கா. பக்கத்து வீட்டு வாண்டுகள்கூட அதைப் பழகிக்கொண்டு, தெருக்குழாயைத் திறந்து ஓடுதுக்கா என்றும் மூடி நின்னுருச்சுக்கா என்றும் கத்தின. பதினோராம் நாள் கடைசிக் கேள்வி முடிந்தது. நின்னுருச்சுக்கா என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கினாள். அமுங்கவில்லை. பார்த்தால் சிவப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. மறுபடி அமுக்க விரலைக் கொண்டுபோனாள், அதற்குள் அக்கா எழுந்து உள்ளறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சுவரில் ஒரு துண்டு தொங்கியது. அக்கா அந்தத் துண்டை எடுத்தாள். பின்னால் ஒரு கண்ணாடி இருந்தது. கோமதியின் விரல் பொத்தானுக்கு மேலே அரை அங்குலத்தில் நின்றது. நாற்பது விநாடி அப்படியே நின்றது. பொத்தான் அமுங்காதது தவறு, சரி, எந்திரம்தானே. விரல் நின்றது எந்திரம் இல்லை.

“இப்ப என்ன, பாட்டு வருது?”

“பழைய ஸ்கூல் கட்டடம்க்கா. ஓடெல்லாம் விழுந்து கிடக்கு. முருங்கை மரம் ஒண்ணு உள்ளேயிருந்து வளந்து நிக்குது.”

“முருங்கையா?” அக்காவுக்குச் சந்தோஷம். “அப்ப அது சமையக்கட்டாத்தான் இருக்கும். சாம்பார்ல ஒரு துண்டு போட்டதில்ல, செத்த பின்னாடி மரமா மொளச்சு நிக்குது பாரு.”

அக்கா படித்த அந்தப் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் முப்பது பெண்கள் இருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல், வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, சினிமாக் கொட்டகைக்குக் கூட்டிப்போவார்கள். முப்பது பேரில் பேபி என்ற ஒருத்திக்கு மட்டும் அரைப்பார்வை. அவளை வரிசை நடுவில் உட்காரவைப்பார்கள். திரையில் வருவதை அவள் இரண்டு பக்கத்துக் காதிலும் சொல்ல, அது காதுக்குக் காது நகர்ந்து வரிசைக் கோடிக்குப் போய்ச் சேரும்போது கதாநாயகனின் சட்டை மூன்று தடவை நிறம் மாறியிருக்கும். அது பரவாயில்லை, அதில் யாருக்கும் கோபமில்லை. ஒரு வருஷம் பார்த்த படத்தில் கடைசியில் கதாநாயகி செத்துப்போகிறாள். பேபி அதைச் சொல்லவில்லை. கல்யாணம் ஆயிடுச்சு என்று சொல்லிவிட்டாள். ஒப்பாரி மாதிரிக் கேக்குதே என்று கேட்டார்களாம், சந்தோஷத்துல அழறாங்க என்றாளாம். பதினோரு வருஷம் கழித்து மில் கேண்டீனில் யாரோ அந்தப் படத்தைப் பற்றிப் பேசப்போய்த்தான் தெய்வானையக்காவுக்கு உண்மை தெரிந்தது. “அவ கெட்டவ இல்ல. பாவம், புள்ளைங்க அழுகுமேன்னுதான் பண்ணுனா. எனக்குக் கோவமே அதுதான். எனக்கு எது தாங்கும் தாங்காதுன்னு அவ யாரு முடிவு பண்றதுக்கு? பதினோரு வருசமா அந்தக் கதையக் கல்யாணம் ஆச்சுன்னு நாலு பேத்துக்குச் சொல்லிருக்கறேன்.” இன்று காலை கூடத்துக்குள் நுழைந்து நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்ததும் அக்கா முதலில் சொன்னது, “பேபியாட்டம் பண்ணிப்போடாதே அம்மணி.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோமதியும் சிரித்தாள். எப்படிச் சிரிக்க முடிந்தது, வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடுகிறது, வெட்கம்கெட்ட வாய்.

ஒன்பதாவது நிமிடம். திரையில் அக்காவின் முகம் பெரிதாக வந்தது. கோமதியின் குரல் கேட்கிறது, வீட்ல கண்ணாடி வச்சிருக்கீங்களாக்கா என்று. திரையில் அக்கா ஒரு நொடி யோசிக்கிறாள். “கண்ணாடியா? எனக்கெதுக்குங் கண்ணாடி? அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ தக்காளி வாங்குனா ஒரு வாரம் ரசம் வைக்கலாம்.” கூடம் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் நிஜ அக்காவும் தோள் குலுங்கச் சிரித்தாள், “எப்படிச் சொன்னேன் பாத்தியா?” என்று கோமதியின் கையைத் தட்டினாள். சபையில் தன் பேச்சுக்கு எண்பது பேர் சிரிப்பதைக் கேட்டு அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கோமதிக்கு ஆசையாகவும் இருந்தது, பார்க்கவும் முடியவில்லை. இந்தச் சிரிப்பைத்தான் கடைசி நாற்பது விநாடி வந்து திருப்பி வாங்கிக்கொள்ளப் போகிறது. தக்காளி என்று சொன்ன அதே பெண் துண்டை விலக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பாள், இப்போது சிரித்தவர்கள் அப்போது ‘அடடா’ என்பார்கள். அப்படி அடுக்கியது யார்? கோமதிதான். எடிட் அறையில் தக்காளியை முன்னால் வைத்து, கண்ணாடியைக் கடைசிக்குத் தள்ளி, நடுவில் போதுமான தூரம் விட்டு, எல்லாம் கணக்காகச் செய்தாள். செய்யும்போது கண்ணீர்கூட வந்தது. தன் கண்ணீரை நம்பி எத்தனை காரியம் செய்துவிடுகிறோம்.

அடுத்தது காகிதம். திரையில் பழுப்பேறிய ஒரு பக்கம், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. எட்டு வருஷ ஆராய்ச்சியில் கோமதிக்குக் கிடைத்த ஒரே புதையல். மூடிப்போன பள்ளியின் சாமான் பதிவேடு. ஆண்கள் விடுதிக்கு முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டு, வாங்கப்பட்டது. அடுத்த மாதமே பெண்கள் விடுதி மேற்பார்வைக்காரி ஒரு கண்ணாடி கேட்டு எழுதியிருக்கிறாள். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல், ‘அவசியமில்லை’. அந்தப் பையன்களுக்கும்தான் பார்வை கிடையாது. ஆனால் பையன்கள் கச்சேரிக்குப் போவார்கள், வேலைக்குப் போவார்கள், நாளைக்குப் பெண் பார்க்கப் போவார்கள், அவர்கள் முகத்தை உலகம் பார்க்கும். பெண்களை யார் பார்க்கப் போகிறார்கள்? கண்ணாடி என்பது தான் பார்ப்பதற்கு இல்லை, பிறர் பார்ப்பார்கள் என்று நம்புகிறவர்களுக்கு. அந்த நம்பிக்கை யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்று ஒரு சொல்லில் ஒரு பள்ளிக்கூடம் தீர்ப்பு எழுதிவிட்டது. இதைப் பற்றிக் கோமதி நாற்பது பக்கம் எழுதினாள். நாற்பது பக்கத்தையும் மூன்று பேர் படித்தார்கள், அதில் ஒருத்தர் தட்டச்சு செய்தவர். ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டுபோ, படமாக எடு என்று பல்கலைக்கழகம் சொன்னபோது அவளுக்கு உண்மையிலேயே பரவசம்தான். பூச்சி தின்னுகிற காகிதத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டுபோய், அது யார் தலையில் எழுதப்பட்டதோ அவர்கள் காதிலேயே சேர்ப்பது, அதைவிட வரலாற்றுக்காரிக்கு என்ன வேண்டும். படத்துக்குப் பெயரும் அதுதான், ‘அவசியமில்லை’. துறைத்தலைவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் பார்த்துவிட்டு, “அந்தக் கடைசி ஷாட் போதும்மா. உன் எட்டு வருஷத்தையும் நாப்பது செகண்டுல சொல்லிடுது” என்றார். அடுத்த மாதம் சென்னையில் போடப்போகிறார்கள். அவர் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு இல்லை என்பதுதான் கஷ்டம்.

“என்ன எழுதிருக்குது? படி.”

“அவசியமில்லைன்னு எழுதியிருக்குக்கா. சிவப்பு மையில.”

“கையெழுத்து எப்படி?”

“அழகா இருக்கு.”

“இருக்கும், இருக்கும்,” என்றாள் அக்கா.

வடிவு அத்தையின் ஞாபகம் வந்தது. வரும் என்று தெரியும், இரண்டு மாதமாக இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறாள். அப்பாவின் தங்கை, இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவள். சங்கரன்கோவில் வீட்டில் அவளுக்கு இளையவளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தபோது, அடுக்களைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நிற்கச் சொன்னார்களா, தானாக நின்றாளா, தெரியாது. கோமதிக்கு ஆறு வயது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், “இங்கயும் ஒரு அத்தை இருக்கா” என்று சொல்லித் திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள். நியாயம் என்றுதான் நினைத்தாள், எல்லோருக்கும் காட்டவேண்டும் என்றுதான் நினைத்தாள். எவ்வளவு அழகான அத்தை, மல்லிகைப்பூ வைத்திருந்தாள். அத்தை திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு மாதம் கோமதிக்குத் தலை மட்டும் வாரிவிடவில்லை. அம்மா வாரினால் வலிக்கும், அத்தை வாரினால் வலிக்காது, அதனால் அந்த ஒரு மாதம் கோமதிக்கு நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் படித்து, பட்டம் வாங்கி, ஊனமுற்ற பெண்களின் வரலாறு என்று மேடை மேடையாகப் பேசி, கடைசியில் மறுபடியும் அதே திரையைத்தான் இழுத்திருக்கிறாள். அப்போதாவது ஆறு வயசு.

பதினெட்டு நிமிடம் ஆயிற்று. திரையில் அக்காவின் பழைய சிநேகிதிகள் மூன்று பேர் வந்தார்கள், நெய்க்காரப்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் கைகோத்து நின்றார்கள். கோமதி சொல்லிக்கொண்டே வந்தாள், சேலை நிறம், பூ, யார் முதலில் சிரித்தார்கள் என்பது. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருந்தாள். நாக்கு ஒரு பக்கம் வேலை செய்ய, மனசு இன்னொரு பக்கம் வழி தேடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் மடிக்கணினியை மூடிவிட்டால்? மின்சாரம் போனால்? ஈரோட்டில் எவ்வளவோ தடவை மின்சாரம் போகிறது, இன்றைக்குப் போகக்கூடாதா? கையெடுத்துக் கும்பிடலாம் என்றிருந்தது. இல்லையென்றால் படம் முடிந்தபிறகு, தேநீர் குடித்து, ஆட்டோவில் ஏற்றி, வீட்டுக்குப் போய், சாவகாசமாகச் சொல்லலாம். அக்கா, ஒரு சின்ன விஷயம் என்று தொடங்கி. சின்ன விஷயம்! அதற்குள் கலந்துரையாடல் இருக்கிறது, மேடையில் அக்காவை உட்காரவைத்துக்கொண்டு எவராவது, அந்தக் கண்ணாடிக் காட்சி ரொம்ப உருக்கம் அம்மா என்று சொல்லித் தொலைப்பார். மேடையில் எண்பது பேர் முன்னால் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டு அந்த முகம் எப்படி இருக்கும்? எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். அதையும் ஒரு கேமரா பதிவு செய்யும், கலந்துரையாடலுக்கென்று கோமதியே மேடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நிறுத்தி வைத்திருக்கிறாள்.

அப்புறம் சத்தம் நின்றது.

கடைசிக் காட்சிக்கு ஒலி கிடையாது. உண்மையில் இருந்தது. அக்காவின் சேலையில் குத்தியிருந்த சின்ன மைக் எல்லாவற்றையும் பிடித்திருந்தது, துண்டு விலகும் சரசரப்பு, சுவர்க்கடிகாரம், பொட்டு அட்டையைக் கிழிக்கும் சத்தம்கூட. எடிட்டில் கோமதி எல்லாவற்றையும் அழித்தாள். மௌனம்தான் அழகு என்று எடிட்டரிடம் சொன்னாள், தன்னிடமும் சொல்லிக்கொண்டாள். தன் வீட்டுக் கடிகாரத்தை அக்கா ஒரே டிக்கில் கண்டுபிடித்துவிடுவாள் என்பதை மட்டும் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. திரையில் பாதித் திறந்த கதவு. உள்ளே ஊதாச் சேலை. கூடத்தில் மின்விசிறிகள் மட்டும் சுற்றின. பின்வரிசையில் ஒரு பெண்குரல், “அட” என்றது, மெதுவாக.

“முடிஞ்சு போச்சா அம்மணி?”

ஆமாக்கா. ஒரே சொல். சொல்லிவிட்டால் தீர்ந்தது. மேடையில் எவனாவது உளறினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேபிக்கும் ஒரே சொல்தானே, கல்யாணம். பாவம் பேபி, முப்பது பெண்களின் முகத்தை அவள் ஒருத்தி மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு. அக்காவின் விரல்கள் மணிக்கட்டில் இருக்கின்றன, நாடித்துடிப்பு அங்கேதான், மில் போர்டில் எண்ணூறு இணைப்புகளைத் தொட்டுப் பழகிய விரல்கள். கோமதி வாயைத் திறந்தாள். மூச்சு விட மறந்திருந்தாள்.

“முடிஞ்சிருந்தா சேரெல்லாம் நகரோணுமே,” என்றாள் அக்கா. குரலை, அதிசயமாக, தணித்திருந்தாள். “யாரும் அசையல. எல்லாரும் எதையோ பாக்கறாங்க. லைன்ல இருக்கறயா அம்மணி?”

“இருக்கேன்க்கா.” அவ்வளவுதான், அணை உடைந்தது. “முடியல. ஓடிட்டிருக்கு. சத்தத்த நான் எடுத்துட்டேன், உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. உங்க உள்ரூம்க்கா. நீங்க கண்ணாடி மேல கிடக்கிற துண்ட எடுக்கிறீங்க. அன்னைக்கு நின்னுருச்சுன்னு சொன்னேன், நிக்கல. சிவப்பு எரிஞ்சிட்டிருந்தது, பாத்தேன். பாத்துட்டும் நிறுத்தல.”

மணிக்கட்டிலிருந்து கை போயிற்று. போன இடம் குளிர்ந்தது. கோமதி தன் கையைப் பார்த்தாள், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இருபது விநாடி போயிருக்கும், இன்னும் இருபது இருந்தது. பக்கத்தில் தெய்வானையக்கா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு நேராகத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அவளைத் தெரியாதவர்கள் பார்த்தால் படம் பார்க்கிறாள் என்றே சொல்வார்கள். திட்டியிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம்.

“இப்ப?” என்றாள்.

கோமதிக்குப் புரியவில்லை.

“இப்ப என்ன வருதுன்னு கேட்டேன். உன்னை நம்பித்தான உக்காந்திருக்கறேன், சொல்லு.”

“முந்தானையால கண்ணாடியத் தொடைக்கிறீங்க,” என்றாள் கோமதி. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை, துடைத்தால் ஒரு காட்சி தவறிவிடும். “நல்லா, மூலையெல்லாம். இப்ப பொட்டு எடுத்து வைக்கிறீங்க. முகத்த அந்தப் பக்கம் திருப்புறீங்க. இந்தப் பக்கம். சிரிக்கிறீங்க.”

“பல்லுத் தெரியுதா?”

“தெரியல. லேசாத்தான். இப்ப துண்டப் போட்டு மூடுறீங்க. முடிஞ்சதுக்கா. இப்பதான் முடிஞ்சது.”

“பொட்டு நடுவுல இருந்துச்சா?”

கோமதி யோசித்தாள். நூறு தடவை பார்த்த காட்சி. எடிட் அறையில் ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. “இல்லக்கா. கொஞ்சம் இடது பக்கம் தள்ளி.”

“அன்னைக்கே சொல்லிருக்கலாமல்ல?” என்றாள் தெய்வானையக்கா.

கைதட்டல் வந்துவிட்டது. விளக்குகள் எரிந்தன, ஜன்னலில் கட்டிய துணியை யாரோ அவிழ்க்க வெயில் தடாலென்று உள்ளே விழுந்தது. துறைத்தலைவர் எழுந்து திரும்பி நின்று தட்டினார். மாணவி ஒருத்தி மைக்கில், படத்தின் நாயகி தெய்வானை அம்மாவை மேடைக்கு அழைக்கிறோம் என்றாள். கோமதி எழுந்து வழக்கம்போல முழங்கையை நீட்டினாள். அக்கா அதைத் தொடவில்லை. கம்பை விரித்துக்கொண்டு தானாகவே நடந்தாள், இரண்டு நாற்காலிகளில் இடித்தாள், ஒரு பெரியவர் காலை மிதித்து மன்னிப்புக் கேட்டாள், மேடையின் படியைக் கம்பால் தட்டி உயரம் பார்த்து ஏறினாள். கோமதி நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு மாதமா, ஒரு வருஷமா, எவ்வளவு நாளைக்குத் தலை வாராமல் இருப்பாளோ இருக்கட்டும், அதைக் கேட்கத் தனக்கு வாய் இல்லை. சென்னையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த நாற்பது விநாடியை வெட்டிவிடலாம். வெட்டினால் படம் காலில்லாமல் நிற்கும், நிற்கட்டும்.

அக்கா மைக்கை வாங்கினாள். விரலால் தட்டிப் பார்த்தாள், பழைய தொழில். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

“அம்மணி,” என்றாள், கூடத்தின் நடுவைப் பார்த்து. “அங்கதான இருக்கற? கேமரா ஓடுதா?”

சபை சிரித்தது, எதற்கென்று தெரியாமல். கோமதி முக்காலியை நோக்கி ஓடாத குறையாகப் போனாள். பொத்தானை அமுக்கி, சிவப்பு எரிகிறதா என்று குனிந்து, முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள்.

“ஓடுதுக்கா.” கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

“என்ற வூட்ல ஒரு கண்ணாடி இருக்குது,” என்றாள் தெய்வானையக்கா. “தக்காளிக் கதையெல்லாம் பொய்யி. மொதச் சம்பளத்துல வாங்குனது, கடைக்காரன் யாருக்குன்னு கேட்டான், மச்சாண்டாருக்குன்னு சொன்னேன். கல்யாணமே ஆகாத எனக்குப் புருசனோட அண்ணன், மச்சாண்டாரு, ஏது? யாராச்சும் வூட்டுக்கு வந்தா துண்டப் போட்டு மூடிப்போடுவேன். குருடிக்குக் கண்ணாடியான்னு சிரிப்பாங்கன்னு. நான் அதைப் பாக்கறதுக்கு வாங்கல. விடுதியில அவசியமில்லைன்னு எழுதுனாங்களாமே, அது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும், ஆனா அப்பவே தெரியும். அதான் வாங்குனேன். தெனமும் ஒருக்கா அது என்னையப் பாக்கட்டும்னு.” நிறுத்தினாள். கூடத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. “இப்ப நீங்க எல்லாம் கடைசியாப் பாத்தீங்களே, அது எங்கிட்ட நின்னுருச்சுன்னு சொன்னதுக்கப்புறம் எடுத்தது. அத வெட்டிப்போட்டு இதச் சேத்துக்க அம்மணி.”

முன்வரிசையில் துறைத்தலைவர் திரும்பிக் கோமதியைப் பார்த்தார். எண்பது பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“சரிக்கா.”

தெய்வானையக்கா நெற்றியைத் தொட்டுப் பொட்டைத் தேடினாள். உரித்தெடுத்து, கொஞ்சம் வலது பக்கமாக நகர்த்தி ஒட்டினாள். “இப்ப நடுவுல இருக்குதா?”

கோமதி பார்த்தாள். “இன்னும் ஒரு நூல்க்கா. வலது பக்கம்.”

மறுபடி எடுத்து ஒட்டினாள். “இப்ப?”

“இப்ப சரியா இருக்கு.”

“பேபியாட்டம் சொல்லலையே?”

“இல்லக்கா. நிஜமா.”

“அப்பச் சரி. நிறுத்திக்க.”

கோமதி பொத்தானை அமுக்கினாள். சிவப்பு அணைந்ததா என்று பார்த்தாள். கையை விளக்கின்மேல் குவித்து, நிழலில் வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்து மேடையைப் பார்த்து, “நின்னுருச்சுக்கா” என்றாள்.